கல்லைத் தள்ளுகிற கை

பொறாமையே கிடையாது என்று சொல்கிற பெண்களை நான் நம்புவதில்லை. எனக்கு உண்டு. என் ஓரகத்தி தேவிப்பிரியா மேல் பதினோரு வருடமாக உண்டு. என் கொழுந்தன் குமரேசனைக் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. அவள் ஒடித்து நட்ட முருங்கைக் கொம்பு பிடித்துக்கொள்ளும், நான் நட்டது காய்ந்துபோகும். அவள் வைத்த ரசத்தை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். வந்த மறு வருடமே அவளுக்கு அபி பிறந்தாள். எனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. இதைச் சொல்லி அழப்போவதில்லை. இதைச் சொன்னால்தான் மற்றது புரியும், அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஊர் திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டைவிட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மாடியில் நின்றால் மலைக்கோயில் விளக்கு தெரியும். ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற வீடு எங்களுடையது. ஆனாலும் மாசி முடிந்து வேப்பமரம் பூக்க ஆரம்பித்துவிட்டால் என் மனசெல்லாம் ஈஸ்டர் மேல்தான். புதுக் காலண்டர் வந்ததும் அது மார்ச்சிலா ஏப்ரலிலா என்று முதலில் புரட்டிப் பார்ப்பேன். புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று துளிர்க்கும்போது இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுவேன்.

காரணம், எங்கள் நிலத்தில் இருக்கிற ஒரு பாறை. அதன் அடியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குப் பொந்து உண்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஊர்ச் சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் டில்லிபாபு அதைப் பார்த்துவிட்டு என் மாமனாரிடம் வந்தார். இயேசுவை அடக்கம் பண்ணின கல்லறை மாதிரியே இருக்கிறது, ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "தாராளமா வச்சிக்கோங்க, வேர்க்கடலைய மட்டும் மெதிக்காதீங்க" என்றார் மாமனார்.

கல்லறை வாசலை மூடக் கல் வேண்டுமே, அதுவும் எங்களிடமே இருந்தது. வீடு கட்டின காலத்தில் சுண்ணாம்பு அரைத்த வட்டக் கல், நடுவில் ஓட்டை, மாட்டுவண்டிச் சக்கரத்தில் முக்கால் அளவு இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் ஆறு பேர் சேர்ந்து அதை நிமிர்த்தி வாசலை மூடி, உருளாமல் இருக்க அடியில் ஒரு சின்னக் கல்லை அண்டை கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் விடிகிற நேரத்தில் கூட்டம் வந்து நின்றதும் அண்டைக் கல்லை எடுத்துவிட்டு லேசாகத் தள்ளினால் போதும், இறங்கு தரை என்பதால் கல் தானாக நாலடி உருளும். உள்ளே ஒரு வெள்ளைத் துணி மட்டும் மடித்து வைத்திருக்கும். கூட்டம் அல்லேலூயா சொல்லும், பாட்டு கிளம்பும், கிழக்கே வெளுக்கும். பிறகு சபை வாசல் பந்தலில் ஊருக்கே சாப்பாடு, வேதக்காரர் என்றும் இல்லை, நாங்கள் என்றும் இல்லை.

முதல் வருடம் கல்லை யார் தள்ளுவது என்று அவர்கள் பேசிவைக்கவில்லை. நான் எல்லோருக்கும் காப்பி போட்டுத் தூக்கில் எடுத்துப்போய் ஓரமாக நின்றிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. வளையல் போட என் முறை வந்தபோது, தட்டை என்னைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டினார்கள். அந்தத் தட்டு என் மூக்குக்கு நேராகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாஸ்டரம்மா தீபாவுக்கு இதெல்லாம் தெரியாது. என்னைப் பார்த்ததும், "அக்கா, உங்க வூட்டுக் கல்லு. நீங்க வந்து கைய வைங்க" என்றார். நூற்றைம்பது பேர் வழிவிட்டார்கள். நான் கை வைத்தேன், கல் உருண்டது. கொரோனா வருடம் தவிர ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என் கைதான். வருடத்தில் ஒரு நாள், ஒரு நல்ல காரியத்துக்கு, முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மற்ற நாட்களை நான் ஓட்டினேன்.

மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு, போன ஆவணியில் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். சீட்டு எழுதிக் குலுக்கி, அபியை எடுக்கச் சொன்னார்கள். பாறை இருக்கிற மேல்பாகம் குமரேசனுக்கு விழுந்தது, கரும்பு போட்டிருக்கிற கீழ்பாகம் எங்களுக்கு. கிணறு பொது, ஒரு நாள் அவர்கள் தண்ணீர் முறை, ஒரு நாள் எங்கள் முறை. கீழ்பாகம் நல்ல மண் என்று என் வீட்டுக்காரர் ராஜவேலுவுக்குச் சந்தோஷம். பாறை போனால் கல்லும் போகுமே என்று எனக்கு அப்போதே பயம்.

பயந்தது சரியாகப் போயிற்று. ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு அன்று, ஊர்வலம் முடிந்ததும், பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று முறையாகக் கேட்பார்கள். இந்த வருடமும் நான் வாசல் தெளித்து, தலைக்குக் குளித்து, நாற்காலி இரண்டைத் துடைத்துப் போட்டுவிட்டு நின்றேன். தட்டு என் வாசலுக்கு வரவில்லை. எதிரே குமரேசன் புதிதாகக் கட்டின வீட்டுக்குப் போயிற்று. தேவிப்பிரியா இரண்டு கையாலும் அதை வாங்குவதைக் கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். பாஸ்டரம்மாவிடம் அவள் என்னவோ சொல்ல, அவர் அவள் தோளைத் தட்டிச் சிரித்தார். சிரிக்கிறார்களாம் சிரிப்பு!

அப்புறம் என் வீட்டுக்கும் வந்தார்கள், கையில் ஒரு குருத்தோலைச் சிலுவையோடு.

"எடம் இப்போ அவங்க பேருக்கு மாறிடுச்சி இல்லீங்களாக்கா, மொதல்ல அவங்களக் கேக்கறதுதானே மொற" என்றார் பாஸ்டர். "நீங்க அண்ணனோட வந்துடுங்க."

வந்துடுங்களாம்! கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி! "வராம எங்க போறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். உப்புப் போடவில்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை. இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள், அது இன்னும் எரிச்சல்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர், "இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? ஒரு கல்லு தள்றதுக்கா?" என்றார்.

"உனுக்கு இன்னா தெரியும்? நீ போய் கரும்பப் பாரு" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது தேவிப்பிரியா பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, ஞாயித்துக்கெழம வெடியக்காலம் பாறைகிட்ட..." என்று ஆரம்பித்தாள். "அடுப்புல பாலு வச்சிட்டு வந்தேன்" என்று குடம் நிரம்புவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் வாயால் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை பங்குனி உத்திரம். மலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினவள் நேராக என் கேட்டுக்கு வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் திருத்தணி ஜவுளிக்கடைப் பை. பையின் வாயில் மஞ்சள் புடவை ஒன்று எட்டிப் பார்த்தது, அரக்குக் கரை.

"அக்கா, பாவா இல்லீங்களா? உங்களுக்கு ஒண்ணு காமிக்கணும்" என்றாள். என் வீட்டுக்காரரை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் வீட்டில் தெலுங்கு.

காட்ட வந்துவிட்டாள், பார்! கல் தள்ளுவதற்குப் புதுப்புடவை எடுத்துக்கொண்டு என்னிடமே காட்ட வருகிறாள்! ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புதுப்புடவை எடுப்பது நான். இந்த வருடமும் மாசியிலேயே பச்சை ஒன்று எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். "தலவலி உயிரு போவுது, அப்பறம் பாக்கறேன்" என்று கேட்டைத் திறக்காமலே சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நிஜமாகவே தலைவலி வந்துவிட்டது எனக்கு.

சனிக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லோரும் சபைக்குப் போய் மறுநாள் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். இரண்டு அண்டா வைப்பார்கள், கறிக்கு ஒன்று, பங்குனி விரதம் இருக்கிறவர்களுக்குக் காய்கறியில் ஒன்று. நான் கால்வலி என்று சொல்லிவிட்டு மாடியில் நின்றேன். நாலு மணிக்கு ஆண்கள் வந்து கல்லை நிறுத்திவிட்டுப் போனார்கள். பிறகு தேவிப்பிரியா வந்து பாறைக்கு முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். நடுவில் சிலுவை, சுற்றிலும் தாமரை. கோலமும் நன்றாக இருந்து தொலைத்தது. முடித்துவிட்டு அபியைக் கூட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கச் சபைக்குப் போனாள்.

அன்றைக்கு எங்கள் தண்ணீர் முறை. ஆறு மணிக்கு மோட்டார் கரெண்ட் வந்தது. கிணற்றிலிருந்து எங்கள் கரும்புக்குப் போகிற வாய்க்கால் பாறைக்கு முன்னால் இருக்கிற தரையை ஒட்டித்தான் போகிறது. நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு வாய்க்கால் மேல் நின்றேன். யாரும் இல்லை. கரையில் இரண்டு கை அகலத்துக்கு வெட்டினேன். தண்ணீர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கோலத்தைப் பார்க்கப் போயிற்று.

நான் நினைத்தது இவ்வளவுதான். தரை கொஞ்சம் நசநசவென்று இருக்கட்டும், மஞ்சள் புடவையின் கரை சேறாகட்டும், நூற்றைம்பது பேருக்கு முன்னால் அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கால் மணி நேரத்தில் அடைத்துவிடலாம் என்று இருந்தேன். பத்து நிமிடத்தில் கரெண்ட் போய்விட்டது, தண்ணீர் நின்றது. அந்த நேரம் பார்த்துக் குமரேசனின் பைக் சத்தம் கேட்டது. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கரும்புக்குள் புகுந்து வீடு வந்து சேர்ந்தேன். திருட்டுத்தனம் பண்ணிப் பழக்கம் இல்லாதவள், வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். போதும், தரை நனைந்துவிட்டது, கரெண்டும் போய்விட்டது, இனி என்ன என்று முகம் கழுவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

வெட்டின கரையை அடைக்கவில்லை. அதைவிட மோசம், மோட்டார் ஆட்டோவில் இருந்தது. கரெண்ட் திரும்பி வந்தால் யாரும் தொடாமலே தானாக ஓட ஆரம்பிக்கும். ராத்திரியில் எழுந்து போகச் சோம்பல்பட்டு, போன வருடம் நானே நச்சரித்து வாங்கி மாட்ட வைத்தது.

விடியற்காலை நாலு மணிக்குச் சபையின் மைக் செட் பாட ஆரம்பித்தது. தூக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவே பாஸ்டர் மூச்சு விட்டபோது வேறு ஒரு சத்தம் வந்தது. உம் என்று, விடாமல். மோட்டார்! எழுந்து உட்கார்ந்தேன். ராத்திரி பூராவும் ஓடியிருக்கிறது! பச்சைப் புடவையை எப்படிச் சுற்றினேன் என்று தெரியாது, நிலத்துக்கு ஓடினேன். பாதி வழியில் மோட்டார் சத்தம் நின்றது.

மேற்கே தேய்பிறை நிலா இன்னும் இருந்தது. பாறைக்கு முன்னால் தரை இருந்த இடத்தில் நாற்றங்கால் மாதிரி தண்ணீர் நின்றது. கோலம் இல்லை. தேவிப்பிரியா மஞ்சள் புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு வாய்க்கால் கரையை அடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு. அபி செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மோட்டார நிறுத்திட்டேங்க்கா" என்றாள் தேவிப்பிரியா.

அவள் கையில் இருந்தது என் மண்வெட்டி. பிடியில் நீல நைலான் கயிறு சுற்றியிருக்கும், எங்கள் இரண்டு வீட்டிலும் அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மண்வெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் ஈ நுழைந்தால்கூடத் தெரிந்திருக்காது, அப்படி நின்றேன். அவள் மண்வெட்டியைக் கொண்டுபோய், ஓரமாகக் குவித்திருந்த காய்ந்த கரும்புச் சோகைக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள்.

அதற்குள் மெழுகுவத்திகளோடு கூட்டம் வந்துவிட்டது. முன்னால் வந்தவர்கள் செருப்போடு சேற்றில் இறங்கி, ஐயோ என்று பின்வாங்கினார்கள். குழந்தைகளுக்கு ஒரே கும்மாளம்.

"இன்னாம்மா இது, ஏரியாட்டம் கீது?" என்றார் பாஸ்டர்.

"எம்மேலதான் பாஸ்டர் தப்பு" என்றாள் தேவிப்பிரியா. "நேத்து மடைய அடைக்காம மறந்துட்டேன். மன்னிச்சிக்கோங்க."

நேற்று யாருடைய தண்ணீர் முறை என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலாவைப் பார்த்தேன்.

"அதனால இன்னாம்மா, மறக்கறதுதான்" என்று பாஸ்டரம்மா அவள் முதுகைத் தடவினார். "பாவம், புதுப்பொடவயெல்லாம் சேறாக்கிகினு வேல செஞ்சிருக்குதே!" என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அதற்கும் அடியில், சொல்லிவிடுகிறேன், எரிந்தது. நான் செய்த தப்பைத் தூக்கி வைத்துக்கொண்டும் இவள் நல்ல பெயர் வாங்குகிறாளே!

"சரி, நேரமாவுது" என்றார் பாஸ்டர். "தமயந்திக்கா, வாங்க. வந்து கல்லத் தள்ளுங்க."

தமயந்தி நான்தான். "நானா?" என்றேன்.

"பின்ன யாரு? தட்டு வாங்கறப்பவே தேவி சொல்லிட்டாங்களே, எடம்தான் எங்குளுது, கல்லு எங்க அக்காவுதுன்னு. உங்ககிட்ட சொல்றேன்னாங்களே, சொல்லலீங்களா?"

அவள் சொல்ல வந்தாள், இரண்டு தடவை. ஒரு தடவை குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஒரு தடவை கேட்டைத் திறக்கவில்லை. இப்போது அவள் தலையைக் குனிந்து புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

கால் முழங்கால் வரை புதைய நடந்து போய், தண்ணீருக்குள் துழாவி அண்டைக் கல்லை எடுத்து, வட்டக் கல்லில் கை வைத்தேன். தள்ளினேன். அசையவில்லை. ராத்திரி பூராவும் ஊறின மண்ணில் கல் ஒரு சாண் இறங்கி உட்கார்ந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன், கால்தான் வழுக்கியது. ஒரு விரல்கடை நகரவில்லை. நூற்றைம்பது மெழுகுவத்தி பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் வெட்டின தண்ணீர், நான் மாட்டின ஆட்டோ, என் கல், என் கை. வேறு யாரைத் திட்டுவது?

"பரவால்ல விடுங்கக்கா, இந்த வருஷம் பாட்ட மட்டும் பாடிடலாம்" என்றார் பாஸ்டர்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து மணியம்மை பேசினாள். எங்கள் நிலத்தில் களை எடுக்க வருகிறவள், சபைக்கும் பழைய ஆள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை.

"தேவிய கைய வைக்கச் சொல்லுங்கம்மா. புள்ள பெத்த கை, ராசியான கை. நவந்துடும்."

பத்தொன்பது வருடத்துக்கு முந்தின தட்டு மறுபடியும் என் மூக்குக்கு நேராகப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கை வேணாம்" என்றாள் தேவிப்பிரியா. "தப்பு பண்ணவ நானு. நான் அந்தக் கல்லத் தொட மாட்டேன். எங்க அக்கா தள்ளட்டும், இல்லன்னா வேணாம்."

"எப்பேர்ப்பட்ட மனசு பாரு இந்தப் பொண்ணுக்கு!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் அவளுக்கு. முருங்கை அவளுக்கு, ரசம் அவளுக்கு, பிள்ளை அவளுக்கு, பாறை அவளுக்கு, கடைசியில் என் பாவத்தையும் எடுத்து நகை மாதிரி போட்டுக்கொண்டு நிற்கிறாள். அதையாவது விட்டுக்கொடுக்க மாட்டேன். அது என்னுடையது!

"அவ ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினேன். மைக்கே இல்லாமல் ஊர்க்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "மடைய வெட்னது நானு. நேத்து சாயங்காலம் வேணும்னுதான் வெட்னேன். அவ தள்றான்னு நெனச்சி, பொறாமையில வெட்னேன். கரும்பு சோகைக்கு அடியில என் மம்முட்டி கீது, போய்ப் பாருங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா நல்லவ வேஷம் போட்டுகினு நிக்கறா!"

கரும்புக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாஸ்டர் வேதப் புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மணியம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. இனி இந்தக் கல்லின் பக்கம் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? நானே என் வாயால் கெடுத்துக்கொண்டேன்.

தேவிப்பிரியா தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து போனாள். சோகைக்கு அடியிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் கோபத்தைப் பார்த்தேன். இந்தப் பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"உன் தண்ணிதானே? நீயே வழி பண்ணு" என்றாள். என்னை நீ என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

அந்தக் கோபம் எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. பச்சைப் புடவையோடு சேற்றில் மண்டி போட்டேன். கல்லுக்கு முன்னால் மண்ணை வாரி வாரி எறிந்தேன். வழி வெட்டி, தண்ணீரை ஓரமாக வடித்தேன். கொஞ்ச நேரம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பாஸ்டரம்மா புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினார். "சோகைய எடுத்தாந்து போடுங்கப்பா, கல்லு பொதையாம போவும்" என்றார். கரும்புச் சோகையை ஆளுக்கு ஒரு கட்டாகக் கொண்டுவந்து போட்டார்கள். மணியம்மைதான் முதல் கட்டு. "கோச்சிக்காத தாயி, வாயி தவறிடுச்சி" என்றாள். "ஆங், ஆங், போடு" என்றேன்.

அதற்குள் விடிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் கல் உருள்வதற்கு முன்னாலேயே சூரியன் வந்தது இதுதான் முதல் தடவை. மலைக்கோயில் விளக்குகள் அணைந்தன. வேப்பம்பூ காற்றில் வந்து தண்ணீர் மேல் விழுந்துகொண்டிருந்தது.

கல்லில் கை வைத்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தள்ளினேன், லேசாக ஆடியது, திரும்பவும் பள்ளத்தில் உட்கார்ந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா பாத்துகினு நிக்கற?" என்றேன் தேவிப்பிரியாவிடம். "வந்து கைய வையேன்."

"நீதான் எல்லாம் நானுன்னு கத்துனியே" என்றாள். ஆனால் வந்தாள். என் கைக்குப் பக்கத்தில் அவள் கை. நான் ஒன்று, இரண்டு என்றேன், அவள் தெலுங்கில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு தள்ளினாள். கல் மேலேறி, சோகை நொறுங்க உருண்டு, நாலடி போய்ப் பொத்தென்று சேற்றில் சாய்ந்தது. தெறித்த சேறு பாஸ்டரின் வெள்ளை அங்கி முழுக்க.

அவர் துடைத்துக்கொண்டு பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயும் தண்ணீர், வெள்ளைத் துணி அதில் மிதந்துகொண்டிருந்தது. "அவர் இங்கே இல்லை" என்று, வருடா வருடம் சொல்கிற வசனத்தை ஆரம்பித்தார்.

"தண்ணிதான் கீது!" என்றாள் அபி.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே அல்லேலூயா சொன்னார்கள். அதற்கு முன்னால் எந்த வருடமும் அவ்வளவு சத்தமாக வந்ததில்லை.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வெளியே வந்தால், கேட்டில் ஜவுளிக்கடைப் பை தொங்கியது. புதன்கிழமையிலிருந்து அங்கேதான் மாட்டியிருந்ததாம். நான் மாட்டினது என்று என் வீட்டுக்காரர் விட்டுவிட்டார், நானோ அவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று பின்வாசல் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தேன். உள்ளே மஞ்சள் புடவை, அரக்குக் கரை. அவளுடையது மாதிரியே இன்னொன்று. கல்லுக்குப் பக்கத்தில் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே மாதிரி கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஜோடியாக எடுத்திருக்கிறாள். அவளுடைய புடவை இப்போது அவர்கள் வீட்டுக் கொடியில், எத்தனை அலசினாலும் போகாத செம்மண் கறையோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டபடியே நடந்திருந்தது.

பையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அவள் பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அபிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நியாயம்தான்.

"இந்தா, இத்தக் கட்டிகினு சாப்பாட்டுக்கு வா" என்று பையை மடியில் போட்டேன்.

"அது உங்களுக்கு எடுத்ததுக்கா."

"கட்டுன்னா கட்டு. எனக்கு மஞ்ச ஆவாது."

பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. இலை போட்டு, இரண்டு அண்டாவும் திறந்து, நான் காய்கறிச் சாதத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவள் அந்த மஞ்சள் புடவையில் அபியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பந்தியில் பாதிப் பேர் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அது அவ்வளவு எடுப்பாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவள் இலையில் இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.